தாடையைக் கட்டியது யார்

எங்கள் தீவு மருத்துவ நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. "வீட்டில் ஒருவர் இறந்தால் செய்ய வேண்டியவை" என்று தலைப்பு. தலைநகர் நுகுஅலோபாவிலிருந்து சுற்றறிக்கையாக வந்தது. அங்கே இருப்பவர்கள் வேறு ஏதோ நாட்டின் தாளைப் பார்த்து மாற்றி எழுதியிருக்க வேண்டும். மொத்தம் ஏழு வரி. நான்தான் பெரிய எழுத்தில் எழுதி, மழை படாமல் பிளாஸ்டிக் போட்டு ஒட்டினேன்.

அதில் மூன்றாவது வரி இப்போது இல்லை. பிளாஸ்டிக்கைக் கிழித்து, கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அந்த வரி இதுதான்: "நெருங்கிய உறவினர் ஒருவர், இரண்டு மணி நேரத்துக்குள், இறந்தவரின் கண்களை மூடித் தாடையைக் கட்ட வேண்டும்."

பத்தொன்பது வருடமாக இந்தத் தீவில் நர்ஸாக இருக்கிறேன். அந்த வரியைப் படித்து அதில் சொன்னபடியே செய்தவள் ஒருத்திதான். கலோலைனே. அவளுக்கு நேர்ந்ததை யாரும் எழுதிவைக்கப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

கலோலைனே நான்காவது பிள்ளை. மூன்று அண்ணன்கள். மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஆக்லாந்துக்குப் போனார்கள், அங்கேயே தங்கினார்கள். இவள் படிப்பில் அவர்களைவிடக் கெட்டி. பெரிய தீவில் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்து, படகேறிப் போய் மூன்று வருடம் படித்தாள். அம்மா இறந்ததும் அப்பா ஹெமலோட்டோவுக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டும் என்று திருப்பிக் கூட்டிவந்தார்கள். அண்ணன்களில் ஒருவனைக் கூப்பிடலாம் என்ற யோசனை யாருக்கும் வரவில்லை.

இருபத்து மூன்று வயதில் பக்கத்து ஊர் பேனி என்பவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு தடவை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது தடவை நான்தான் பக்கத்தில் இருந்தேன். ரத்தசோகை. மாத்திரையாலும் மீனாலும் கீரையாலும் சரியாகியிருக்கக்கூடிய விஷயம். ஊர் வேறு காரணம் கண்டுபிடித்தது: அப்பாவின் அக்கா மனம் கோணியிருக்கிறாள், அதனால்தான் வயிறு நிற்கவில்லை. ஆக்லாந்தில் இருந்த அந்த அத்தைக்குப் பாயும் எண்ணெயும் அனுப்பி மன்னிப்புக் கேட்டார்கள். எதற்கு மன்னிப்பு என்று கேட்டவள் நான் மட்டும். பேனி பழம் பறிக்கும் வேலைக்கு ஆஸ்திரேலியா போனான். ஏழு மாதத்தில் வர வேண்டியவன், அங்கே இன்னொருத்தியோடு குடும்பம் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். கலோலைனே அப்பா வீட்டுக்கே திரும்பினாள்.

ஹெமலோட்டோ கிறிஸ்தவக் கோவிலில் அடித்தொண்டைக் குரலில் பாடுபவர். சனிக்கிழமை சாயங்காலம் வழவழவென்று முகம் மழித்துக்கொண்டால்தான் அவருக்கு ஞாயிறு விடியும். அந்த முகத்தைத்தான் பக்கவாதம் பிடித்தது. இடது பக்கம் முழுக்க விழுந்து, வாயின் இடப்புறம் கோணித் தொங்கி, எச்சில் நிற்காமல் வழிந்தது.

இங்கே யார் யாருக்கு மேல், யார் யாருக்குக் கீழ் என்பதெல்லாம் பிறக்கும்போதே முடிவாகிவிடும். அப்பா பிள்ளைகளுக்கு மேல். அப்பாவுக்கு மேல் அவருடைய அக்கா தங்கைகள், அவர்கள் பெற்ற பிள்ளைகள். பெற்ற பிள்ளை அப்பாவின் தலையைத் தொடக்கூடாது. அவர் தின்ற மிச்சத்தைத் தின்னக்கூடாது. அப்பா எழுந்து நடமாடும்வரை இதனால் பெரிய தொந்தரவு கிடையாது. அவர் படுக்கையில் விழுந்து, வீட்டில் மகளைத் தவிர யாருமே இல்லாமல் போனால்தான் தெரியும், இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஒருநாளும் யாருக்கும் எச்சில் துடைத்தவர்கள் அல்ல என்று.

தலையைத் தொடும் தகுதி உள்ளவன் தீவிலேயே ஒருவன்தான். வாகே. ஹெமலோட்டோவின் செத்துப்போன தங்கை பெற்ற மகன். முதல் மாதம் சனிக்கிழமைதோறும் வந்தான், மாமனுக்கு முகம் மழித்தான், சாப்பிட்டான், போனான். அப்புறம் பன்றி அடித்த நாளில் மட்டும் வந்தான். அப்புறம் அதுவும் இல்லை. காவா என்கிற வேர்ச்சாறு குடித்து மயங்குகிற கொட்டகையில் சாயங்காலமே உட்கார்ந்தால் மறுநாள்தான் எழுவான்.

ஒருநாள் நான் பார்க்கப் போனபோது அறைக்குள் நாற்றம். கழுத்துக்குக் கீழே உடம்பு பளிச்சென்று இருந்தது; தேய்த்துக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு வைத்திருந்தாள். கழுத்துக்கு மேலே காடு. முடி சடைபிடித்து, பின்மண்டையில் படுக்கைப்புண். புண்ணில் ஈ மொய்த்தது.

"இது என்னடி?" என்று கத்தினேன்.

"வாகே அண்ணன்கிட்ட மூணு தடவ சொல்லி அனுப்பிட்டேன் நர்ஸக்கா."

"அவன் வர்றதுக்குள்ள புழு வந்துடும். போய்க் கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு வா."

"நான் தொடக்கூடாது."

"ஈ தொடலாம், நீ தொடக்கூடாதா?"

கிழவர் வலது கையைத் தூக்கி ஆட்டினார். கோணிய வாயிலிருந்து வார்த்தை இழுத்து இழுத்து வந்தது. "விடு நர்ஸம்மா. அவளுக்குக் கெடுதல் வரும்."

"என்ன கெடுதல் வரும்? குழந்தை தங்காதா? புருஷன் விட்டுட்டுப் போயிடுவானா? எல்லாம்தான் வந்தாச்சே. தப்பு பண்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே தண்டனைய முழுசா வாங்கிட்டா. இனி தப்பையாவது பண்ணட்டும்."

கிழவரின் தொண்டைக்குள் ஒரு சத்தம். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

கலோலைனே கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தாள். கத்தரியை எடுத்து முதல் கொத்தை வெட்டியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கூரை இடிந்து விழப்போவதுபோல. எதுவும் விழவில்லை, முடியைத் தவிர.

"கிழங்கு வெட்டற மாதிரி வெட்டாதடி," என்றார் ஹெமலோட்டோ.

ஆறு வருடம். சனிக்கிழமைதோறும் கதவைச் சாத்தி, முகம் மழித்து, முடி வெட்டி, தலை கழுவினாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருபவர்கள், "வாகே மாமனை ராஜா மாதிரி வச்சிருக்கான்," என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வாகே அதை மறுத்ததில்லை.

கடைசி வருடத்தில் கிழவருக்கு ஒரே பயம் பிடித்துக்கொண்டது. சாவைப் பற்றிய பயம் இல்லை, வாயைப் பற்றியது. பெட்டியில் படுக்கவைத்து கோவில் ஜனம் முழுக்க வரிசையாக வந்து பார்க்கும்போது வாய் கோணித் திறந்து கிடக்கக்கூடாது. மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்: "மூடி வைப்பியா?"

"மூடி வைக்கிறேன்ப்பா."

"வாகே வர்றதுக்குள்ள இறுகிப்போயிடும்டி."

"நானே மூடறேன்ப்பா. நர்ஸக்கா சுவத்துல ஒட்டியிருக்காங்க, நெருங்கிய உறவினர் செய்யணும்னு. நான் படிச்சேன்."

இதை அவர் தலைமாட்டில் வைத்து அவள் சொன்னபோது நான் அங்கேயேதான் இருந்தேன். நெருங்கிய உறவினர் என்றால் எங்கள் நாட்டில் பிணத்தின் விஷயத்தில் யார் என்று எனக்குத் தெரியாதா? சிறு குழந்தைக்குக்கூடத் தெரியும். பெற்ற மகள் அந்தப் பட்டியலில் கடைசி. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அந்த வார்த்தையைத் தனக்குத் தெரிந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலை அவள் மருத்துவ நிலையத்துக்கு வந்தாள். ஓடிவரவில்லை, நடந்து வந்தாள்.

"பத்து இருபதுக்கு நர்ஸக்கா. மணி பாத்தேன். ரெண்டாவது வரில மணி குறிக்கச் சொல்லியிருக்கீங்க."

போய்ப் பார்த்தேன். கண்கள் மூடியிருந்தன. கை கால் நேராக்கியிருந்தாள். நீலத் துணியில் வெள்ளைப்பூ போட்ட பட்டை ஒன்று தாடைக்குக் கீழிருந்து உச்சந்தலைவரை போய் இறுக்கமாக முடிச்சிட்டிருந்தது. கோணலைச் சரிசெய்ய இடது கன்னத்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு சின்னத் துண்டை மடித்து வைத்திருந்தாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஹெமலோட்டோவின் வாய் நேராக இருந்தது.

"சரியா கட்டியிருக்கேனா?"

"என்னைவிட நல்லா." அப்புறம் எனக்குப் புத்தி வந்தது. "யாராவது கேட்டா நான் கட்டினேன்னு சொல்லு. நர்ஸ் யாரை வேணா தொடலாம். எனக்கு மேலும் இல்ல, கீழும் இல்ல."

அவள் கன்னத்துத் துண்டை இன்னொரு தரம் சரிபார்த்தாள்.

ஊர்த் தலைவர் வந்தார், போதகர் வந்தார், மணி அடித்தார்கள். ஆக்லாந்துக்குப் போன் போட்டார்கள். அத்தை லவீனியாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது: "நான் வர்ற வரைக்கும் என் தம்பிய யாரும் தொடாதீங்க! தலைமாடு என்னோடது!" பத்து வருடமாக அவள் தம்பியைப் பார்க்க வந்ததில்லை. தலைமாடு மட்டும் அவளுடையது.

வாகே வந்தான். கண் சிவந்திருந்தது, காவாவா துக்கமா தெரியாது. "தாடையக் கட்டினது யாரு?"

"நான்தான்," என்றேன். விட்டுவிட்டான்.

மீன் பிடிப்பவர்களின் ஐஸை வாங்கிப் பெட்டி பெட்டியாகச் சுற்றிலும் அடுக்கினோம். கலோலைனேயை வெளியே அனுப்பினார்கள். இறந்தவருக்குக் கீழே உள்ளவர்கள் நெஞ்சிலிருந்து முழங்கால்வரை கிழிந்த பழம்பாயைச் சுற்றிக்கொண்டு, பின்னால் குழி அடுப்புப் பக்கம் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் சமைக்க வேண்டும். பிணம் கிடக்கும் அறைக்குள் வரக்கூடாது. ஆறு வருடம் அந்த அறையைவிட்டு நகராதவள், அன்றிலிருந்து அதற்குள் போகவில்லை. பன்றி சுட்டாள், கிழங்கு உரித்தாள். புகையில் நின்றதால் அவள் அழுதாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அத்தை விமானத்திலும் படகிலுமாக வந்து சேர்ந்தாள்; அண்ணன்கள் மூவரும் வரவில்லை. வாசலிலிருந்தே ஓலமிட்டுக்கொண்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழுகை அப்படியே நின்றது. துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது நான் கிறிஸ்துமஸுக்கு அனுப்பின துணியாச்சே. கலோலைனேக்கு. கூப்பிடு அவள."

அவள் கையில் சாம்பலோடு வந்து வாசல்படிக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள்.

"யாருடி கட்டினது?"

"நான்தான் கட்டினேன்," என்று முந்திக்கொண்டேன். "துணி அவ குடுத்தா."

"உன்னக் கேக்கல நர்ஸம்மா."

கலோலைனே என்னைப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்துபோகும். அவள் ஆட்டவில்லை.

"நான்தான் அத்தை. அப்பா சொன்னாங்க. தாள்லயும் போட்டிருக்கு, நெருங்கிய உறவினர் கட்டணும்னு."

"நெருங்கிய உறவினரா?" அத்தை சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். "கேட்டீங்களா? நான் யாராம்? பக்கத்து வீட்டுக்காரியா?"

யாரோ சிரித்தார்கள். யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"தலையவும் நீதான் தொட்டியா?"

"ஆறு வருஷமா."

ஐஸ் உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. வாகே தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவுத்து எறிடா அதை," என்றாள் அத்தை.

நான் எழுந்தேன். "வேண்டாம்மா. இன்னும் ஒரு நாள் இருக்கணும். உடம்போட விறைப்பு விட்டுதுன்னா வாய் தொறந்துக்கும். முதல்ல தாடைதான் தளரும்."

"உன் வேலை முடிஞ்சுது நர்ஸம்மா. உக்காரு," என்றாள் அத்தை.

வாகே நீலத் துணியை அவிழ்த்தான். மடித்து வைத்திருந்த துண்டு கீழே விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. புதிய வெள்ளைத் துணியை, பரிசுப்பொட்டலத்துக்கு ரிப்பன் கட்டுவதுபோல அழகாக, தொளதொளவென்று கட்டினான். மறுபடி இறுக்கச் சொன்னேன். அத்தை போதகரைப் பார்த்தாள், போதகர் என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அடக்கம். கோவிலில் பெட்டியைத் திறந்துவைத்திருந்தார்கள், ஜனம் வரிசையாக வந்துகொண்டிருந்தது. நான்காவது பாட்டுக்கு நடுவில் முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளைத் துணி நழுவிக் காதருகே கிடந்தது. தாடை இடப்பக்கமாக இறங்கி, வாய் பெரிதாகத் திறந்திருந்தது. ஒரு வருடமாக அவர் எதைக் கண்டு நடுங்கினாரோ அது அப்படியே, கோவில் முழுக்கப் பார்க்கும்படி.

வெயில், உருகிய ஐஸ், தளர்ந்த முடிச்சு. மூன்று காரணமும் கண்ணெதிரே கிடந்தன. ஊருக்கு அவை தெரியவில்லை.

"பாரு, வாயத் தொறந்து சொல்றார்," என்று பின்னாலிருந்து ஒருத்தி கிசுகிசுத்தாள். "மக தொட்டதச் சொல்றார்."

அந்தப் பேச்சு வரிசையாகப் பரவி, சாப்பாட்டுத் தட்டு எடுத்துப்போகிற பெண்களோடு கோவிலுக்குப் பின்னால் இருந்த சமையல்புறம்வரை போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பாய் உரசுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெரிய கிழிந்த பாயோடு, முகமெல்லாம் கரியோடு, கலோலைனே நடுவழியில் வந்துகொண்டிருந்தாள். ஜனம் தானாக விலகியது. அவளுக்கு வழிவிட இல்லை, மேலே பட்டுவிடக் கூடாதே என்று.

பெட்டி விளிம்பில் முழங்கையை ஊன்றி, வலது உள்ளங்கையால் தாடையைத் தாங்கி மேலே தூக்கினாள். கட்டைவிரலை இடது கன்னத்தில் வைத்து உள்ளே அழுத்தினாள். வாய் நேரானது.

"கைய எடுடி," என்றாள் அத்தை.

"எடுக்க மாட்டேன் அத்தை. பெட்டிய மூடட்டும், எடுக்கறேன்."

"கைய எடு!"

"நீங்க பாடுங்க," என்றாள் கலோலைனே ஜனத்தைப் பார்த்து. "எனக்குக் கை வலிக்கும்."

போதகர் வேறு வழியில்லாமல் தொடங்கினார். மிச்சமிருந்த மூன்று சரணமும் பாடி முடிக்கும்வரை அவள் அசையவில்லை. மூடியை இறக்கினார்கள். அது அவள் மணிக்கட்டைத் தொட்டபோதுதான் கையை உருவினாள்.

துக்க வீட்டில் அத்தை மருமகளின் முடியில் கொஞ்சம் வெட்டுவது வழக்கம். லவீனியா கொஞ்சம் வெட்டவில்லை. எல்லாரையும் கூட்டிவைத்து மண்டை தெரிய ஒட்ட வெட்டினாள். வீட்டுக் கத்தரி. எந்தக் கத்தரி என்று எனக்கும் கலோலைனேக்கும் தெரியும். அப்பாவுக்கு அடியில் விரிக்க என்று கலோலைனே ஒன்றரை வருடம் பின்னிய மெல்லிய பாயை, தலைமாட்டு உரிமை என்று அத்தை சுருட்டி எடுத்துக்கொண்டு விமானம் ஏறினாள். வீடும் நிலமும் சட்டப்படி பெரிய அண்ணனுக்கு. அவன் ஆக்லாந்திலிருந்தபடியே வாகேயிடம் அவற்றை அனுபவித்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். மாமனை ராஜா மாதிரி வைத்திருந்தவன் அல்லவா.

கலோலைனே இப்போது என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். மருத்துவ நிலையத்தைக் கூட்டித் துடைக்கிறாள். கோவிலில் அவள் உட்காரும் பெஞ்சில் இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்கும். மூன்றாவது வரியை நான் திரும்ப எழுதினேன், திரும்பச் சுரண்டினார்கள். நாலு தடவை ஆயிற்று.

போன வருடம் வாகேயின் அப்பா சாகக் கிடந்தார். அவருடைய அக்கா வேறு தீவில். காற்று பலமாக அடித்ததால் படகு இல்லை. வாகே மத்தியானத்தில் வந்து என் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அப்பா போயிட்டார் நர்ஸம்மா. வாய் தொறந்து கெடக்கு."

"போய்க் கட்டு. நீதான் நல்லா கட்டுவியே."

"நான் எப்படித் தொடறது? எங்கப்பாவாச்சே." குரலைத் தாழ்த்தினான். "அவ இருக்காளா? அவதான் ஏற்கெனவே தொட்டவளாச்சே. அவளுக்கு இனிமே என்ன."

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நான் வெளியே வருவதற்குள், கலோலைனே என்னைத் தாண்டிப் போய்விட்டாள். கையைச் சோப்பு போட்டுக் கழுவியிருந்தாள்.

அதிலிருந்து அது ஊர் வழக்கமாகிவிட்டது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அவளுக்கு ஆள் வருகிறது, பின்வாசல் வழியாக. கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கோணலைச் சரிசெய்துவிட்டுப் பின்வாசல் வழியாகவே போய்விட வேண்டும். அப்புறம் தலைமாட்டுக்கு உரியவர்கள் வருவார்கள். யார் கட்டியது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், நர்ஸம்மா. மறுநாள் ஓலையில் பொதிந்து கொஞ்சம் கிழங்கும் கறியும் படிக்குக் கீழே வைத்துவிட்டுப் போவார்கள், கையில் கொடுக்காமல்.

"ஏண்டி போறே?" என்று ஒருநாள் கத்திவிட்டேன். "உன் தலைய மொட்டையடிச்ச ஊர்டி இது! வாய் பொளந்து கெடக்கட்டுமே எல்லாவனும்!"

"செத்தவங்க என்ன பண்ணாங்க நர்ஸக்கா," என்றாள். தரையைத் துடைத்துக்கொண்டே, "நான் செத்தா நீங்கதான் கட்டணும். எனக்கு மேலயும் இல்லாம கீழயும் இல்லாம இருக்கறது நீங்க ஒருத்தர்தான். வெள்ளைத்துணி வேண்டாம். அந்த நீலத்துணிய எடுத்து வச்சிருக்கேன்," என்றாள்.

"சரி," என்றேன்.

வருகிற ஜூன் மாதத்தோடு எனக்கு ஓய்வு. இந்த வீடு அடுத்து வரும் நர்ஸுக்குப் போய்விடும். தலைநகரில் என் தங்கை வீட்டில் எனக்கு ஒரு அறைதான் இருக்கிறது. ஓய்வுக் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் கலோலைனேயிடம் சொல்லவில்லை.